தொங்கும் பாதத்துக்கு எது நல்லது: ஸ்பிளிண்ட்டா, மின்தூண்டல் கருவியா?

பக்கவாதத்திலிருந்து மீண்டு நடக்கத் தொடங்கும் பலருக்கு முன்பாதம் மேலே எழும்பாது. பெருவிரல் தரையை உரசும். தடுக்கி விழாமலிருக்க இடுப்பை ஏற்றி, காலை அரைவட்டமாகச் சுற்றி எடுத்துவைப்பார்கள். பிசியோதெரபிஸ்ட்கள் இதை 'ஃபுட் டிராப்' என்பார்கள். இதற்கு ஏ.எஃப்.ஓ. எனப்படும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் உண்டு, எஃப்.இ.எஸ். எனப்படும் மின்தூண்டல் கருவியும் உண்டு. இரண்டாவதன் விலை பல மடங்கு. விலை கூடினால் நடையும் கூடுதலாகத் திருந்தும் என்று நம்பிக் கடன் வாங்கும் குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பிளிண்ட் கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து உள்ளங்கால்வரை வந்து, பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். கணுக்கால் பக்கவாட்டில் பிரளுவதைத் தடுக்கும். முழங்கால் பின்னோக்கி வெட்டுபவர்களுக்கு, சரியான கோணத்தில் செய்த ஸ்பிளிண்ட் அதையும் கட்டுப்படுத்தும். மின்தூண்டலை இதற்கு அந்த அளவுக்கு நம்ப முடியாது.

மின்தூண்டல் கருவியை முழங்காலுக்குக் கீழே பட்டைபோலக் கட்டுவார்கள். கால் தரையைவிட்டு எழும் நேரத்தில் அது முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பைத் தூண்ட, தசை தானே சுருங்கிப் பாதத்தைத் தூக்கும். 1961-இல் லிபர்சன் குழுவினர் வெளியிட்ட யோசனை இது. ஆனால் மூளை பாதிக்கப்பட்டு, காலிலுள்ள நரம்பு நன்றாக இருந்தால்தான் வேலை செய்யும். இடுப்பில் தவறான இடத்தில் போட்ட ஊசியாலோ தொழுநோயாலோ நரம்பே செத்துப்போன காலில் எவ்வளவு விலைக்கு வாங்கிக் கட்டினாலும் பாதம் எழாது. அவர்களுக்கு ஸ்பிளிண்ட் உண்டு. பொருத்தமானவர்களுக்கு, நன்றாக இருக்கும் தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்திப் பாதத்தைத் தூக்கவைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் மின்தூண்டலைத் தொடக் கூடாது.

சரி, நரம்பு நன்றாக இருக்கிறது. அப்போது எது மேல்? 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஃபாஸ்டெஸ்ட் ஆய்வு, பக்கவாதம் வந்த 197 பேரை இரு பிரிவாக்கி 30 வாரம் பின்தொடர்ந்தது. இரு பிரிவிலும் நடைவேகம் கூடியது. இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பயன்படுத்தியவர்களின் திருப்தி மட்டும் மின்தூண்டலில் அதிகம்.

அந்தத் திருப்தியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், குறிப்பாக நம் வீடுகளில். ஸ்பிளிண்ட்டை ஷூவுக்குள்ளோ பின்பட்டை வைத்த செருப்போடோ போட வேண்டும். நாமோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறோம். வெறும் பிளாஸ்டிக்கோடு ஈர டைல்ஸில் நடந்தால் வழுக்கும். கணுக்கால் மடங்காத வகையைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுவதும் பெரும்பாடு. காலின் சாய்வை உணர்ந்து இயங்கும் மின்தூண்டல் கருவி வெறுங்காலிலும் வேலை செய்யும் (குதிகாலில் சுவிட்ச் வைத்த வகைக்குக் காலணி வேண்டும்). சித்திரை வெயிலில் மட்டும் இரண்டும் தொல்லைதான்: ஒன்றில் தோல் புழுங்கும், மற்றொன்றில் ஒட்டும் பட்டை வியர்வையில் நழுவும்.

என் கணக்கில், பெரும்பாலோருக்கு முதலில் வேண்டியது அவரவர் காலில் அளவெடுத்துச் செய்த ஸ்பிளிண்ட். கடையில் ஷூ சைஸ் சொல்லி வாங்குவது பலருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் இது கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் தினமும் ஸ்பிளிண்ட்டைக் கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும்; அரைமணி நேரமாகியும் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். வெளியே அதிகம் நடப்பவர், முழங்கால் உறுதியாக இருப்பவர், வசதியும் உள்ளவர் மின்தூண்டலுக்குப் போகலாம். வாங்குமுன் சிகிச்சையகத்தில் கட்டி நடந்து பார்த்துவிட வேண்டும்.

கெண்டைத்தசை இறுகிவிட்டால் இரண்டுமே தோற்கும். அதை நீட்டும் பயிற்சியும் நடைப்பயிற்சியும் எந்தக் கருவி வாங்கினாலும் நிற்கக் கூடாது. அதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை. 2011-இல் வெளியான லீப்ஸ் ஆய்வில் 408 பேர் பங்கேற்றார்கள். உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் டிரெட்மில்லில் நடந்தவர்களும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து தந்த வலுவூட்டல், சமநிலைப் பயிற்சிகளைச் செய்தவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், ஸ்பிளிண்ட்டை வாங்கிவிட்டு மீதியைப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்துபோகும் செலவுக்கு ஒதுக்குங்கள்.