சர்வர் ஏ.எம்.சி. போட்டிருக்கிறீர்களா? மாத ரிப்போர்ட்டை எடுத்து ஒரு தடவை பாருங்கள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சர்வர்களைப் பராமரிக்க ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்த ஒரு நிறுவனம் எங்களை ஏமாற்றிய கதை இது. பெயர் சொல்ல மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது என்பது ஒரு காரணம். விசாரித்துப் பார்த்ததில் இதே வேலையை வேறு சிலரும் செய்கிறார்கள் என்று தெரிந்தது இன்னொரு காரணம். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நீங்கள் உஷாராக முடியும்.

விண்டோஸ் சர்வர்களுக்கு மாதாமாதம் அப்டேட் போட வேண்டும், தினமும் ராத்திரி பேக்கப் எடுக்க வேண்டும், மாதம் ஒரு முறை ஆள் நேரில் வந்து பெட்டிகளைப் பார்க்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம். மாதக் கடைசியில் ஒரு எக்செல் ரிப்போர்ட் வரும். பேக்கப் சக்சஸ், அப்டேட் ஓகே, ஹார்டுவேர் ஹெல்தி என்று எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும். அந்த ரிப்போர்ட் இணைந்திருந்தால்தான் எங்கள் ஆபீசில் அவர்கள் பில் பாஸ் ஆகும்.

ஷிப்மென்ட் நெருக்கடி நேரத்தில் ஒரு நாள் காலை ஈ.ஆர்.பி. (கம்பெனியின் மொத்த வேலையையும் பதிவுசெய்யும் மென்பொருள்) திறக்கவில்லை. ஆர்டர், நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், டெலிவரி சலான் எல்லாமே அதில்தான். ஏ.எம்.சி. இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு டிஸ்க் போயிருச்சுங்க சார்" என்றார். நான்கு டிஸ்க்கில் டேட்டாவைப் பிரித்து எழுதி ஒன்றுபோல் நடத்தும் ரெய்டு 5 அமைப்பு எங்களுடையது. அதில் ஒரு டிஸ்க் போனால் சர்வர் ஓடும், இரண்டாவதும் போனால் அவ்வளவுதான். ஒரே ராத்திரியில் இரண்டும் போய்விட்டன, கெட்ட நேரம் என்றே நாங்களும் நினைத்தோம்.

பொய் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சர்வருக்கு உள்ளேயே ஹார்டுவேர் லாக் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் படுத்துவிட்டாலும் அது தனியாக எழுதிக்கொண்டே இருக்கும். வேறு ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டு அதைத் திறந்து பார்த்தபோது, முதல் டிஸ்க் பல மாதங்களுக்கு முன்பே செத்திருந்தது. சாவதற்கு முன் எச்சரிக்கையும் பதிவாகியிருந்தது. அந்த டிஸ்க்கின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்திருக்கும். அதற்குப் பிறகும் மாதாமாதம் அவர்கள் ஆள் வந்திருக்கிறார், விசிட் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ரிப்போர்ட்டில் ‘ஹெல்தி’ என்று எழுதியிருக்கிறார். அந்த டிஸ்க்கை மாற்ற அரை நாள் வேலைகூட ஆகாது. மெஷினை நிறுத்தவும் தேவையில்லை.

அதைவிட மோசமானது அன்று காலை அவர்கள் செய்தது. எங்களிடம் கேட்காமலேயே, மாதக்கணக்கில் செத்துக் கிடந்த அந்தப் பழைய டிஸ்க்கை ‘ஃபோர்ஸ் ஆன்லைன்’ (கட்டாயமாக இயக்கத்துக்குக் கொண்டுவரும் கட்டளை) கொடுத்து உள்ளே சேர்த்திருக்கிறார்கள். அதில் இருந்தது பல மாதத்துக்கு முந்தைய டேட்டா. மற்ற டிஸ்க்குகளில் இருப்பது நேற்றைய டேட்டா. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் இரண்டையும் கலந்து படித்தால் என்ன வரும்? சர்வர் பூட் ஆகி, விண்டோஸ் தன் பங்குக்குக் கோப்புப் பிழை திருத்தும் செக் டிஸ்க்கை ஓட்டி, கோப்புகளைத் ‘திருத்தி’ வைத்துவிட்டது. பெங்களூரில் ஒரு டேட்டா ரெக்கவரி லேபுக்கு டிஸ்க்குகளைக் கொடுத்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "இதை யார் ஆன்லைன் போட்டது?" என்பதுதான். தொடாமல் கொண்டுவந்திருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும் என்றார்கள். கடைசியில் கிடைத்ததில் ஈ.ஆர்.பி. டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. ரெய்டு உடைந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று எண் ஒட்டி வையுங்கள். யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

சரி, பேக்கப்தான் இருக்கிறதே என்றுதான் நாங்களும் இருந்தோம்.

ஈ.ஆர்.பி. வெர்ஷன் மாற்றியபோது டேட்டாபேஸை டி டிரைவிலிருந்து ஈ டிரைவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வேலை நடந்தபோது ஏ.எம்.சி. ஆள் கூடவே உட்கார்ந்திருந்தார், மின்னஞ்சலும் போயிருக்கிறது. பேக்கப் ஜாப் மட்டும் பழைய டி டிரைவ் ஃபோல்டரையே ராத்திரிக்கு ராத்திரி நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) காப்பி அடித்துக்கொண்டிருந்தது. ஃபோல்டரை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஈ.ஆர்.பி. டேட்டாபேஸை நடத்தும் எஸ்.க்யூ.எல். சர்வர் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் டேட்டாபேஸ் கோப்பு பூட்டியிருக்கும், சாதாரண காப்பி அதைத் தாண்டிப் போய்விடும். எஸ்.க்யூ.எல்.-இன் சொந்த பேக்கப் கட்டளையாலோ, ஷேடோ காப்பி (கோப்பு பயன்பாட்டில் இருக்கும்போதே அதன் அந்த நேர நிலையைப் பிடிக்கும் வசதி) மூலம் எடுக்கும் மென்பொருளாலோதான் எடுக்க வேண்டும். சர்வர் வேலையில் இது அரிச்சுவடி.

பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். பேக்கப் அளவு என்ற கட்டத்தில் மாதாமாதம் ஒரே எண், புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம் உட்பட. தினமும் நூற்றுக்கணக்கில் என்ட்ரி போடும் கம்பெனியின் டேட்டா ஒரு எம்.பி. கூட வளராமல் இருக்குமா? தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்டேட் கட்டம் இன்னும் வேடிக்கை. எங்கள் சர்வர்களில் ஒன்று விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனியாகப் பணம் கட்டி நீட்டிப்பு வாங்கினால்தான் அதற்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வரும், நாங்கள் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த நவம்பர், டிசம்பர் என்று தொடர்ந்து ‘இம்மாத செக்யூரிட்டி அப்டேட் நிறுவப்பட்டது’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வராத அப்டேட்டை எங்கிருந்து நிறுவினார்களோ! விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் ‘கெட்-ஹாட்ஃபிக்ஸ்’ என்று அடித்தால் எந்த அப்டேட் எந்தத் தேதியில் ஏறியது என்று வரிசையாக வரும். எங்களுடையதில் கடைசித் தேதி ஆதரவு முடிவதற்கும் நெடுநாள் முந்தையது.

பேக்கப் தவறுவது யாருக்கும் நடக்கும். 2017 ஜனவரி 31-ஆம் தேதி மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸையே அழித்துவிட்டார். ஐந்து விதமாகக் காப்பு வைத்திருந்தும் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வி என்று சொல்லும் மின்னஞ்சல்கள்கூடப் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் ஆறு மணி நேர டேட்டா போனது. அவர்கள் ஒளிக்கவில்லை, மீட்கும் வேலையை நேரலையாகவே காட்டினார்கள். எங்கள் ஏ.எம்.சி. ஆட்கள் "தவறிவிட்டதுங்க" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

போனதை எப்படித் திரும்பக் கட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். விற்பனை இன்வாய்ஸ்கள் இ-இன்வாய்ஸ் போர்ட்டலிலிருந்தும் நாங்கள் தாக்கல் செய்த விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1-இலிருந்தும் வந்தன. வாங்கியது, எங்களுக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து வரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையில் கிடைத்தது. வரவு செலவு வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருந்தது. ஆகக் கணக்கு ஓரளவு நிமிர்ந்துவிட்டது. சரக்குதான் நிமிரவில்லை. எந்த சாயப்பட்டறையில் எந்த நிறத்தில் எத்தனை கிலோ துணி கிடக்கிறது, எவ்வளவு பிராசஸ் லாஸ் (வேலையின்போது குறையும் எடை), எந்த நிட்டிங் யூனிட்டில் எவ்வளவு நூல் மீதி என்பதெல்லாம் டெலிவரி சலானில்தான் இருக்கும். அது எந்த அரசு போர்ட்டலிலும் முழுதாக இருக்காது. ஸ்டோர்ஸ் ஆட்கள் சலான் புத்தகக் கட்டுகளை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார்கள். சிலர் நேர்மையாகத் தங்கள் நோட்டைக் காட்டினார்கள். சிலர் சொன்ன எடையை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்; மறுக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

இதற்கிடையில் ஆடிட்டர் வேறு கேட்டார். கம்பெனிக் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்த திருத்தத்தின்படி, மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்கப்பட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டமோ ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. ‘தினசரி பேக்கப் எடுக்கப்படுகிறது’ என்று ஏ.எம்.சி. நிறுவனம் லெட்டர்ஹெட்டில் கொடுத்த சான்று எங்கள் ஃபைலில் இருக்கிறது. அதை ஆடிட்டர் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஏ.எம்.சி. நிறுவனத்திடம் விளக்கம் கேட்டபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ‘டேட்டாவுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு’ என்ற வரியைக் காட்டினார்கள். அந்தக் காலாண்டு பில்லை நிறுத்தினோம். உடனே, "நாங்க எம்.எஸ்.எம்.இ., 45 நாளுக்குள்ள தரலைன்னா சமாதான் போர்ட்டல்ல புகார் போடுவோம்" என்றார்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குப் பணம் தாமதமானால் புகார் வாங்கும் அரசு போர்ட்டல் அது. டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு (ஆபீஸ் நெட்வொர்க் முழுவதற்குமான தலைமைப் பாஸ்வேர்டு), நாஸ் பாஸ்வேர்டு, ஃபயர்வால் லைசென்ஸ் கணக்கு எல்லாம் அவர்கள் மின்னஞ்சலில்தான் இருந்தன. அடுத்த வருட ஏ.எம்.சி. பணத்தையும் சேர்த்துக் கட்டினால் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுச் சாவியை எங்களுக்கே வாடகைக்கு விட்டதுபோல இருந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், வணிகத்துக்காகப் பெற்ற சேவை என்பதால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாங்கள் ‘நுகர்வோர்’ ஆக மாட்டோம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சிவில் வழக்குதான் வழி.

உங்கள் ஆபீசிலும் ஏ.எம்.சி. இருந்தால் இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு, போன மாதத்து ஏதாவது ஒரு நாளைச் சொல்லி, அந்த நாள் டேட்டாபேஸை வேறு ஒரு கம்ப்யூட்டரில் உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். "பேக்கப் ஓடுது பாருங்க" என்று திரையில் பச்சை டிக்கைக் காட்டினால் ஏற்காதீர்கள். பேக்கப் நாஸ் அதே ரேக்கில், அதே டொமைன் பாஸ்வேர்டில் இருந்தால் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) வரும்போது அதுவும் சேர்ந்தே போகும், அதனால் ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டுகளை ஒரு கவரில் போட்டு முதலாளியின் லாக்கரில் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது வேலை செய்கிறதா என்று போட்டுப் பாருங்கள். ஃபயர்வால், டொமைன் பெயர், மெயில் எல்லாம் கம்பெனி மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஏ.எம்.சி. ஆளிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இப்போது வந்திருக்கும் புதிய ஆட்களிடம் மாதாமாதம் ஏதாவது ஒரு பழைய சலான் எண்ணைக் கொடுக்கிறோம். பேக்கப்பிலிருந்து அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் பில் பாஸ். நாஸையும் ஃபயர்வாலையும் ரீசெட் செய்து மீட்டுவிட்டோம். எங்கள் வெப்சைட்டும் மெயிலும் ஓடும் டொமைன் பெயர் மட்டும் இன்னும் பழைய நிறுவனத்தின் கணக்கில்தான் இருக்கிறது. டொமைன் பெயரைப் பதிவுசெய்து தரும் ரெஜிஸ்ட்ராருக்கு ஜி.எஸ்.டி. சான்று, கம்பெனி பதிவுச் சான்று எல்லாம் அனுப்பியிருக்கிறோம். புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. இப்படி மாட்டிக்கொண்டு டொமைனை மீட்டவர்கள் யாராவது இருந்தால், எத்தனை நாளில் கிடைத்தது என்று சொல்லுங்கள்.