இன்ஸ்டாவுக்கு வெளியே ஆள் பிடித்த கதை: ஒரு செக்கு எண்ணெய்க் கடையின் சில வருட அனுபவம்

ஈரோட்டில் சின்னதாக ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறோம். எள் சிவகிரி ஏலத்தில் எடுப்போம், கொப்பரை பெருந்துறையில், கடலை மட்டும் சீசனைப் பொறுத்து ஊர் மாறும். எல்லோரையும் போல இன்ஸ்டாவிலும் ஃபேஸ்புக்கிலும் வீடியோ போடுகிறோம். செக்கு சுற்றுவதைப் பார்க்க ஜனங்களுக்கு அலுப்பதே இல்லை. ஆனால் பார்க்கிறவர் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார், எண்ணெய் வாங்க வேண்டியவர் இங்கே ஈரோட்டுச் சூரம்பட்டியில் இருக்கிறார். போதாததற்கு 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதிலேயே சேலை விற்றுக்கொண்டிருந்த தெரிந்த பெண் ஒருவருக்கு விடிந்ததும் கையில் ஒன்றுமே இல்லை. அத்தனை பேர் வாங்கியிருந்தும் ஒருவருடைய போன் நம்பர்கூட அவரிடம் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பழைய வழிகளையும் சில புது வழிகளையும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்த ஆரம்பித்தோம். எது காசுக்குத் தகுந்த ஆளைக் கொண்டுவந்தது, எது வெறும் செலவு என்று எழுதுகிறேன். எங்களுடையது மாதாமாதம் தீர்ந்துபோகிற பொருள். சோபா விற்பவருக்கும் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கும் கணக்கு வேறாக வரும்.

பேப்பரில் வைக்கும் நோட்டீஸ்தான் எல்லோரும் முதலில் போவது. அச்சடிக்கும் செலவு ஒரு பக்கம், பேப்பர் ஏஜென்டுக்கு நோட்டீசுக்கு இவ்வளவு பைசா என்று கொடுப்பது இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை வைக்கவே கூடாது என்பது என் கட்சி. அன்றைக்கு நகைக்கடை, பர்னிச்சர் கடை, ட்யூஷன் சென்டர் என்று பேப்பரை உதறினால் கத்தையாக விழும். அப்படியே குப்பைக்குப் போகும். மாதம் பிறந்த முதல் வாரத்தில், மளிகைச் சீட்டு எழுதுகிற சமயத்தில், சாதாரண ஒரு கிழமையில் வைத்தபோது போன் வந்தது. அதுவும் ஒரே வாரம்தான் வரும், அப்புறம் அடங்கிவிடும். பின்பக்கத்தை வெறுமனே விடாமல் அந்த வருடத்து அமாவாசை, பிரதோஷம், சஷ்டி நாட்களை அச்சடித்தோம். அந்த நோட்டீஸ் மட்டும் சில வீடுகளில் பூஜை அறைக் கதவில் ஒட்டியிருந்ததை டெலிவரிக்குப் போகும்போது பார்த்தோம். இப்போது வருடத்துக்கு ஒருமுறை, அந்த மாதிரி நோட்டீஸ் மட்டும்.

லோக்கல் கேபிளில் ஓடும் எழுத்து விளம்பரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் "உங்க கடை டிவியில வந்துச்சே" என்றார்கள். ஒருத்தர்கூட எண்ணெய் கேட்கவில்லை. ஆட்டோவில் மைக் கட்டிப் போவது கடை திறப்புக்குச் சரி, அதற்கும் போலீசில் அனுமதி வாங்க வேண்டும். வாராவாரம் செய்தால் தெருக்காரர்களே நம்மேல் கடுப்பாவார்கள். ஃப்ளெக்ஸ் பக்கமே போகவில்லை. 2019-இல் சென்னையில் சாலையில் பேனர் விழுந்து ஓர் உயிர் போனதற்குப் பிறகும் அதில் என்ன ஆசை என்று எனக்குப் புரியவில்லை.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தது மட்டும் காசே இல்லாமல் இன்றுவரை ஆள் கொண்டுவருகிறது. புதிதாக ஈரோட்டுக்குக் குடிவந்தவர்கள், மாற்றலாகி வந்த பேங்க்காரர்கள், அவர்களுக்கு நம் ஊரில் யாரையும் தெரியாது. போனை எடுத்து 'செக்கு ஆயில் நியர் மீ' என்றுதான் தேடுகிறார்கள். இப்போது சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, கடைப் பலகை, ஷட்டரை நாமே சாவி போட்டுத் திறப்பது, உள்ளே இயந்திரம் எல்லாம் ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் எடுக்க வேண்டும். பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பண்டிகை நாளில் கடை நேரத்தை மாற்றாமல் விட்டால், பூட்டிய கடைக்கு வந்து நின்றவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். யார் வேண்டுமானாலும் 'இந்தக் கடை மூடப்பட்டுவிட்டது' என்று திருத்தம் அனுப்பலாம், அதனால் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று சொல்வது கூகுள் விதிப்படி தப்பு. எண்ணெய் பிடித்திருந்தால் எழுதுங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இதுவும் நம் கையில் இருப்பதல்ல. இலவசமாகக் கொடுத்திருந்த வெப்சைட்டை 2024 மார்ச்சில் எடுத்தார்கள், சாட் வசதியை அதே வருடம் ஜூலையோடு நிறுத்தினார்கள். அப்புறம், கூகுளிலிருந்து பேசுகிறோம், முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம் என்று தினம் ஒருவர் கூப்பிடுவார். போனை வைத்துவிடுங்கள்.

தேடித் தரும் டைரக்டரி நிறுவனம் ஒன்றில் பணம் கட்டியும் சேர்ந்திருந்தோம். விசாரிப்பு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே விசாரிப்பு பக்கத்துக் கடைகளுக்கும் போகும். நாம் போன் எடுப்பதற்குள் இரண்டு பேர் விலை சொல்லியிருப்பார்கள், மிச்சம் இருப்பது லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைப்பாயா என்ற பேரம்தான். புதுப்பிக்கவில்லை.

எஸ்எம்எஸ் அனுப்புவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி கடையை, வியாபார எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கென்று போன் கம்பெனிகள் நடத்தும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அனுப்புநர் பெயர் வாங்க வேண்டும், அனுப்பப்போகும் வாசகத்தையும் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற வேண்டும். இதையெல்லாம் செய்து முடித்த பிறகு தமிழுக்கென்று ஒரு தலைவலி காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த எழுபதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'நல்லெண்ணெய்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, அவர்கள் கணக்கில் பதினொன்று. கடைப் பெயரும் நம்பரும் போட்ட பிறகு சொல்வதற்கு இடமே இருக்காது. இரண்டு செய்திக்கான காசு போகும். ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் உள்ள ஜவுளிக்கடைக்கு இது கட்டும். சில நூறு குடும்பங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிற எங்களுக்குக் கட்டாது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான்: நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பதிந்து வைத்திருப்பவர் ஏற்கெனவே நம் ஆள்.

இனி நன்றாக வேலை செய்தவை.

காலண்டர். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருடத்து ஆல்பம் வெளியாகும், அதைத் தொட்டு ஏஜென்டுகள் கடை கடையாக வர ஆரம்பிப்பார்கள். சீக்கிரம் சொன்னால் விலையும் படியும், நல்ல சாமி படமும் கிடைக்கும். முதலில் எல்லோரையும் போல நாள் காலண்டர்தான் கொடுத்தோம். ஒரு வீட்டில் நகைக்கடை, அடகுக்கடை, பள்ளிக்கூடம், கட்சிக்காரர் என்று நாலைந்து காலண்டர் சேரும். ஹாலில் மாட்டுவது ஒன்றுதான். மற்றவை பீரோவுக்குப் பின்னால். அதனால் மாத காலண்டருக்கு மாறினோம். பெரிய கட்டம், கட்டத்துக்குள் எழுத இடம், பளபளப்பில்லாத தாள். பளபளப்புத் தாளில் பேனா வழுக்கும். இது ஹாலுக்குப் போகவில்லை, நேராக அடுப்படிக்குப் போனது. பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, வேலைக்கார அம்மா லீவு எல்லாம் அதில்தான் எழுதுகிறார்கள். வருடம் முழுக்க, எண்ணெய் இருக்கிற அதே அறையில் எங்கள் நம்பர் தொங்குகிறது. இதற்கு ஆகும் செலவை விளம்பரக் கணக்கில் எழுத மனசே வரவில்லை. மார்கழி பிறந்ததும் "காலண்டர் வந்துடுச்சுங்களா" என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை.

இதே யோசனையில் பாட்டில் லேபிளையும் மாற்றினோம். முன்பு லேபிள் முழுக்க செக்குப் படமும் மாட்டுப் படமும், நம்பர் கடுகளவு. இப்போது நம்பர்தான் பெரிது, ஐந்து ஐந்தாகப் பிரித்து, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு. காகித லேபிள் எண்ணெய் வழிந்து ஊறி எழுத்து அழிந்துவிடும், பிளாஸ்டிக் ஸ்டிக்கர்தான் நிற்கிறது. உரிம எண், ஆட்டிய தேதி எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டியவை, இருக்கின்றன. கூடுதலாக நாங்கள் போட்டது ஒரே ஒரு சிவப்புக் கோடு. பாட்டிலில் கால் பாகம் எண்ணெய் இருக்கும் மட்டத்தில் அந்தக் கோடு வரும். பக்கத்தில் 'இதுவரை இறங்கினால் கூப்பிடுங்கள்' என்று எழுதியிருக்கும். "கோட்டுக்கு வந்துருச்சு கண்ணு, ரெண்டு லிட்டர் குடுத்து உடு" என்று போன் வரும்போது எனக்கு இன்னமும் சிரிப்பாக வரும். புதிய ஆளைக் கூட்டி வர ஆகும் செலவில் பாதிகூட, வந்த ஆளை ஞாபகப்படுத்த ஆகாது. எங்கள் மாதிரித் தொழிலில் காசைப் போட வேண்டிய இடம் வாங்குகிறவரின் அடுப்படி.

புது ஆளே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது மாவு மில். மிளகாய்த்தூள், அரிசி மாவு அரைக்க வருகிறவர்கள் வரிசையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். போனைப் பார்க்கவும் முடியாது, கையெல்லாம் மாவு. பழக்கமான மில்காரரிடம் பேசி, உட்காரும் பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சின்ன பலகையும், கீழே மூடி கழற்றி முகர்ந்து பார்க்க ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் வைத்தோம். கருப்பட்டி போட்டு ஆட்டிய எண்ணெய்க்கு வாசனையே பாதி வியாபாரம், அதை எந்த வீடியோவாலும் காட்ட முடியாது. பதிலுக்கு எங்கள் கடையில் அவர் மில் விலைப்பட்டியல் தொங்குகிறது. பணம் கைமாறவில்லை. தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் முறுக்கு மாவு அரைக்க வருகிற கூட்டம் அப்படியே கடலை எண்ணெய் கேட்டு இங்கே வரும். மாவு அரைத்த கையோடு அடுத்து என்ன வேண்டும் என்று யோசித்தால் எண்ணெய்தானே.

சமையல் மாஸ்டர்களையும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்துக்குச் சாமான் லிஸ்ட் எழுதுவது அவர்கள்தான். எந்தக் கடையில் வாங்குவது என்பதும் பெரும்பாலும் அவர்கள் வாய்ச்சொல்தான். டின் கணக்கில் போகும். ஆனால் கமிஷன் எதிர்பார்ப்பு உண்டு, முகூர்த்த மாதத்தில் கடனும் நிற்கும். ஓரிருவரோடு நிறுத்திக்கொண்டோம். அதைவிட எனக்குப் பிடித்தது தீபாவளிக்குக் கம்பெனிகள் கொடுக்கும் பைக்குள் சின்ன பாட்டில் நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலமும் வைப்பது. வாங்குகிறவர் ஒருவர், எண்ணெய் போய்ச் சேர்வது ஐம்பது வீட்டுக்கு.

தபால் கார்டும் எழுதினோம். இன்றைக்கும் அது அரை ரூபாய்தான், ஆனால் கையால் எழுத வேண்டும். அச்சடித்து அனுப்பினால் ஆறு ரூபாய். வயதானவர்கள் உள்ள வீடுகளுக்கு மட்டும், பொங்கலுக்கு நாலு வரி. இதில் எவ்வளவு வியாபாரம் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து ஒரு எழுத்துப் பிழையைக் காட்டித் திருத்திவிட்டு, இரண்டு லிட்டர் வாங்கிக்கொண்டு போனார். கை வலிக்கிறது என்பதைத் தவிர இதில் குறையில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு நீள நோட்டு. யார், என்ன எண்ணெய், எவ்வளவு, எப்போது தீரும். நம்பரை எழுதலாமா, கூப்பிடலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறோம். தீரும் தேதிக்கு நாலு நாள் முன்னால் ஒரு போன். காலை பதினொன்றுக்கு மேல், சமையல் முடிந்த நேரம். மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சீரியல், இரண்டிலும் கூப்பிட்டால் திட்டுதான் விழும். பெயர் சொல்லி, "எள்ளு புதுசா ஆட்டியிருக்கோமுங்க, கசடு எறங்கிருச்சு, எடுத்து வெக்கட்டுங்களா" என்று கேட்டால் போதும். வேண்டாம் என்றால் அந்த மாதம் மறுபடி தொந்தரவு செய்வதில்லை.

யாராவது இதையெல்லாம் ஆரம்பிப்பதாக இருந்தால், முதலில் போனை எடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செக்கு ஓடும்போது எங்கள் கடையில் மணி அடிப்பதே கேட்காது. காலண்டரும் லேபிளும் கொண்டுவந்த அழைப்புகள் பல அப்படியே மிஸ்டு காலாக நின்றன. இப்போது அந்த நம்பர் தனி பட்டன் போனில், கல்லாவில் உட்காரும் அம்மாவிடம் இருக்கிறது. அவர் எண்ணெய் ஆர்டர் எடுக்க இரண்டு நிமிடமும், மருமகள் ஊரிலிருந்து வந்தாச்சா என்று விசாரிக்கப் பத்து நிமிடமும் எடுத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் அடுத்தவர் கூப்பிட்டால் பிசி வருகிறது என்பதால் இன்னொரு சிம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.