எக்ஸ்பாக்ஸ் 360 நாண்ட் படிக்க ராஸ்பெர்ரி பை பிக்கோ: வாங்கலாமா?

எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஆர்ஜிஎச் (ரீசெட் கிளிட்ச் ஹேக், கன்சோலின் பூட்டை உடைத்து வேறு சாஃப்ட்வேர் ஓட்டும் முறை) செய்ய இறங்குகிறவருக்கு முதலில் தேவை நாண்ட், அதாவது கன்சோலின் சிஸ்டம் சாஃப்ட்வேர் இருக்கும் ஃபிளாஷ் சிப்பைப் படிக்கும் கருவி. முன்பு நாண்ட்-எக்ஸ், ஜேஆர் புரோகிராமர் என்று இதற்கென்றே செய்த போர்டைத் தேடி வாங்க வேண்டியிருந்தது. 2021-இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பிக்கோஃபிளாஷர் ஃபர்ம்வேரை ஏற்றினால் அதே வேலை நடக்கிறது. 16 எம்பி நாண்ட் உள்ள மாடல் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுவே போதும்.

பிக்கோவின் பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கும். பிக்கோஃபிளாஷரின் யூஎஃப்2 ஃபைலை அதில் போட்டால் ஃபர்ம்வேர் ஏறிவிடும். புதியதுதானே என்று பிக்கோ 2 வாங்கிவிடாதீர்கள். முதல் பிக்கோவின் சிப்பான ஆர்பி2040-க்கான ஃபைல் அதில் ஓடாது. நாலு காசு கூடினாலும் கால்கள் (பின்) பொருத்தியே வரும் பிக்கோ எச் நல்லது. சால்டரிங் வேலை கன்சோல் பக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

பிக்கோவிலிருந்து கன்சோல் போர்டுக்கு மொத்தம் 7 வயர். ஜிபி16 மிசோ, ஜிபி17 எஸ்எஸ், ஜிபி18 கிளாக், ஜிபி19 மோசி, ஜிபி20 எஸ்எம்சி (கன்சோலின் பவர், ரீசெட்டைக் கவனிக்கும் பகுதி) டிபக், ஜிபி21 எஸ்எம்சி ரீசெட், கூடவே ஒரு கிரவுண்ட். பலர் சறுக்குவது இங்கேதான்: ஜிபி எண் வேறு, போர்டின் கால் எண் வேறு. ஜிபி16 இருப்பது 21-ஆம் காலில். ஜிபி21 இருப்பது 27-இல். நடுவில் 23-ஆம் கால் கிரவுண்ட் என்பதால், வரிசையாக எண்ணிக்கொண்டு போனாலும் தப்பாகிவிடும். இரண்டு பக்கமும் 3.3 வோல்ட், லெவல் கன்வெர்ட்டர் வேண்டாம். கன்சோல் பக்கம் 30 கேஜ் வயர் போதும். முடிந்தவரை குட்டையாக வெட்டி, சால்டர் வைத்த செப்புப் புள்ளி (பேட்) பெயர்ந்துவிடாமல் கேப்டன் டேப் ஒட்டிவிடுங்கள்.

கன்சோலுக்கு அடாப்டரை மட்டும் செருகுங்கள், பவர் பட்டனைத் தொடாதீர்கள். ஜே-ரன்னர் என்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரில் படிக்கக் கொடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஃபிளாஷ் கான்ஃபிக், அதாவது நாண்ட் அமைப்பைக் காட்டும் எண். கன்சோலின் மதர்போர்டு வகையைப் பொறுத்து அது மாறும். ஃபால்கனில் 01198010, டிரினிட்டியில் 00023010, 16 எம்பி கரோனாவில் 00043000 வரும். எல்லாம் பூஜ்யமாகவோ எல்லாம் எஃப் ஆகவோ வந்தால் வயரிங்கில் கோளாறு. பிக்கோவைக் குறை சொல்வதற்கு முன் கிரவுண்டைப் பாருங்கள்.

படித்து எடுத்த ஃபைல் (டம்ப்) 16 எம்பி நாண்டுக்கு 1,73,01,504 பைட் இருக்க வேண்டும். 512 பைட் பக்கம் (பேஜ்) ஒவ்வொன்றுக்கும் 16 பைட் ஈசிசி (பிழை திருத்தும்) பகுதி சேர்வதால்தான் 16 எம்பியைத் தாண்டுகிறது. குறைந்தது இரண்டு முறை படித்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வயர் நீளமோ சால்டர் விட்டிருப்பதோ காரணம். இரண்டிலும் ஒரே பிளாக் 'பேட்' (கெட்டது) என்று வந்தால் பயமில்லை. ஃபேக்டரியிலேயே அப்படி வருவதுண்டு.

256, 512 எம்பி நாண்ட் உள்ள ஜாஸ்பர் மதர்போர்டுக்கு முதல் 64 எம்பி படித்தால் போதும். 4 கிகாபைட் கரோனாவில் இருப்பது இஎம்எம்சி என்ற வேறு வகை மெமரி. மேலே சொன்ன வயரிங் அதற்குச் செல்லாது.

எதையும் எழுதுவதற்கு முன் அசல் டம்ப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கன்சோலுக்கே உரிய கீகள் உள்ள கீவால்ட் அதற்குள் இருக்கிறது, டிவிடி டிரைவ் கீயும் அதில்தான். அந்த ஃபைல் போனால் வேறு கன்சோலின் டம்ப்பை எடுத்து அப்படியே எழுதி ஈடுகட்ட முடியாது.