நெலத்துக்கு காசு வராம அலையுறவங்களுக்கு: ராம்நாடு கோர்ட் பக்கத்து வக்கீல் ஆபீஸ் எப்படி? (4/5)

ரோட்டுக்கு நெலத்தை எடுத்து, அவார்டு (இவ்வளவு இழப்பீடுன்னு அதிகாரி போடுற உத்தரவு) போட்டு, கோர்ட்டுக்கு போய் தொகையை ஏத்தியும் வாங்கியாச்சு, ஆனா காசு மட்டும் வரல. இப்படி இருக்குறவங்களுக்குதான் இந்த ரிவ்யூ. உச்சிப்புளி பக்கம் எங்க பெரியம்மா பனங்காடு போனது பழைய 1894 நெல எடுப்புச் சட்டத்துல. சப் கோர்ட் தீர்ப்பு கைல இருக்கு, ஆபீஸ்ல கேட்டா "ஃபண்டு வரலம்மா, வந்தா லெட்டர் போடுறோம்"ங்குறதுதான் பதில். எந்த ஆபீஸுன்னு கேக்காதீங்க.

சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லிதான் இந்த வக்கீல்கிட்ட போனோம். பெரியம்மா எடுத்த உடனே "கலெக்டருக்கு இன்னொரு மனு எழுதித் தாங்க சார்"னு ஆரம்பிச்சாங்க. அவரு தீர்ப்பை கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டு, "மனு குடுக்குற கட்டமெல்லாம் தாண்டியாச்சும்மா, இனி ஈ.பி.தான், அதாவது தீர்ப்பை நிறைவேத்தச் சொல்லி கோர்ட்லயே போடுற மனு, 12 வருஷத்துக்குள்ள போட்டாகணும்"னாரு. அதுக்கும் கட்டலன்னா ஆபீஸ் ஜீப்பு, சேரு, கம்ப்யூட்டர் எல்லாம் ஜப்தி கேக்கலாம், பேப்பர்ல அடிக்கடி வருமே அதான்.

இந்த ஆபீஸோட பெரிய பலம் குமாஸ்தா அண்ணன். கணக்கை நோட்டுல கோடு கிழிச்சு எழுதி பெரியம்மாவுக்கே புரியுற மாதிரி வாசிச்சுக் காட்டுனாரு. மார்க்கெட் வேல்யூ தனி, அதுக்கு 30 பர்சன்ட் சோலேஷியம் (கட்டாயமா எடுத்ததுக்கு குடுக்குற ஆறுதல் தொகை) தனி, மார்க்கெட் வேல்யூ மேல வருஷத்துக்கு 12 பர்சன்ட் கூடுதல் தொகை தனி, அப்புறம் கோர்ட் ஏத்துன தொகைக்கு நெலம் கைமாறுன தேதில இருந்து மொத வருஷம் 9 பர்சன்ட் வட்டி, அதுக்கு மேல 15. முன்னாடி வேற ஒருத்தர் போட்டுக் குடுத்த கணக்குல சோலேஷியத்துக்கு வட்டியே சேக்கல, அதுக்கும் வட்டி உண்டுன்னு 2001லயே சுந்தர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சாம். அந்த வித்தியாசமே நல்ல தொகை வருது.

ஃபீஸ் முதல்லயே பேசி முடிச்சுட்டாங்க. வர்ற காசுல பத்து பர்சன்ட் குடுன்னு கேக்குற ஆளுங்க இங்க நெறைய, அது பார் கவுன்சில் ரூல்படியே தப்பு. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் கிடைக்கும்னும் அவரே சொன்னாரு, ஃபீஸ் வாங்குற எந்த வக்கீல் இதைச் சொல்லுவாரு?

பக்கத்து காட்டுக்காரர் அப்ப கேஸே போடல. அவரையும் கூட்டிட்டுப் போனோம். அடுத்தவங்களுக்கு கோர்ட் ஏத்துன தொகையை வச்சு அதே சட்டத்தோட 28ஏ பிரிவுல நமக்கும் கேக்கணும்னா 3 மாசத்துக்குள்ள மனு குடுக்கணுமாம், தீர்ப்பு சொன்ன நாளையும் காப்பி வாங்க ஆன நாளுங்களையும் மட்டும் கழிச்சுக்கலாம். அந்த டைம் போயிருச்சு, நெலம் எடுக்கப் போட்ட அதே நோட்டிஃபிகேஷன்ல (அரசு அறிவிப்பு) வேற யாருக்காவது தீர்ப்பு வந்தா அப்ப பாக்கலாம்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. சும்மா ஆசை காட்டல.

குறைனா, ஃபோன் எடுக்கவே மாட்டாங்க. மாடிப்படி செங்குத்து, முட்டி வலிக்காரங்க பாவம். ஜெராக்ஸ் காசு தனியா கேப்பாங்க.

நேஷனல் ஹைவேஸ் நாலுவழிச் சாலைக்கு போன நெலம்னா ரூட்டே வேற, ஆர்பிட்ரேட்டர்கிட்ட (தொகையை முடிவு பண்ண அரசு போடுற நடுவர்) போகணும், அவரு போட்ட அவார்டு ஒத்துவரலன்னா 3 மாசத்துல ஜில்லா கோர்ட்டு. அந்த கேஸும் இங்க பாக்குறாங்க.

எங்களுக்கு பாதித் தொகையை கோர்ட்ல கட்டிட்டாங்க, மீதிக்கு வாய்தா ஓடுது. போறவங்க தீர்ப்போட சர்டிஃபைடு காப்பி, பட்டா, வாரிசு சர்டிஃபிகேட் எல்லாம் எடுத்துட்டுப் போங்க, பட்டா இன்னும் தாத்தா பேருலயே இருந்தா அதை முதல்லயே சொல்லிருங்க. வெள்ளிக்கிழமை போகாதீங்க, அவரு மதுரை பெஞ்சுக்குப் போயிருவாரு.