பெரிய வீட்டு வளவா, பூங்காவா, ஏசி கூடமா? காரைக்குடிப் பக்கம் பிள்ளைகளை எங்கே விளையாட விடலாம்

மே மாதம் அண்ணன் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினால், முதல் நாள் பள்ளத்தூர் வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரை ஓடி அளப்பார்கள். இரண்டாம் நாள் மதியமே "அத்தை, போர் அடிக்குது" தொடங்கிவிடும். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. கையில் செல்போனைக் கொடுத்தால் வீடு அமைதியாகிவிடும்தான். கொடுக்கக்கூடாது என்று பிடிவாதமாக ஒரு மாதம் ஓட்டியதில், காரைக்குடியைச் சுற்றி இருக்கும் இடங்களில் எல்லாம் இவர்களை இறக்கிவிட்டுப் பார்த்தாயிற்று.

"இந்த ஊர்ல பிள்ளைங்க விளையாட எடம் எங்க இருக்கு?" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. இடம் இருக்கிறது. நேரம் தெரியாமல் போவதால்தான் இல்லாத மாதிரித் தெரிகிறது. செட்டிநாட்டு வெயிலில் உள்விளையாட்டா வெளிவிளையாட்டா என்று கேட்பதைவிட மணி என்ன என்று கேட்பது நல்லது. காலை எட்டரைக்கு முன் ஓர் இடம், மதியத்துக்கு ஓர் இடம், ஐந்தரைக்கு மேல் ஓர் இடம். இதை மாற்றிப் போட்டால் எல்லா இடமும் மோசம்தான்.

பூங்கா

காசு இல்லை, டோக்கன் இல்லை, நேரக் கணக்கு இல்லை. 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானது. பெயர்ப்பலகைகள் மாறின, ஊஞ்சல்கள் பழையபடியே ஆடுகின்றன. பூங்காவின் பெரிய பலம் மற்ற பிள்ளைகள். பெங்களூரில் அடுக்குமாடியின் கீழே இருக்கும் விளையாட்டு இடத்தில் பழகினவள் பெரியவள். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இங்கே வந்த முதல் சாயங்காலம் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம்தான். எந்தத் தெருவோ தெரியாத ஒரு பெண் வந்து "கல்லா மண்ணா வர்றியா?" என்று கேட்டாள், இவளும் கூடவே போய்விட்டாள். காசு கொடுத்துப் போகும் இடங்களில் இப்படி யாரும் வந்து கூப்பிட்டதில்லை. அங்கே பிள்ளைகள் கருவியோடு விளையாடுகிறார்கள், பக்கத்துப் பிள்ளையோடு அவ்வளவாக இல்லை.

குறைகளும் உண்டு. ஒரு பூங்காவில் ஊஞ்சல் சங்கிலியின் மேல் கொக்கி தேய்ந்து நூலாக இருந்தது. சின்னவனை உட்கார வைத்துவிட்டு எதேச்சையாக அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து, உட்கார வைப்பதற்கு முன் நானே ஒருமுறை முழுப்பலத்தோடு இழுத்துப் பார்த்துவிடுகிறேன். இரும்புச் சறுக்கு இருந்தால் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லையென்றால் அரைக்கால் சட்டை போட்ட பிள்ளையின் தொடை தாங்காது. மே மாதத்தில் நாலு மணிக்குச் சறுக்கு தோசைக்கல்லாக இருக்கும். ஐந்தரைக்கு மேல் பரவாயில்லை.

அப்புறம் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விளையாட்டிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாலு அடி உயரத்திலிருந்து விழுகிற பிள்ளையைத் தாங்க ஒன்பது அங்குல மணல் வேண்டும், அதுவும் உதிரி மணலாக. நம் பூங்காக்களில் மணல் கொட்டிய புதிதில் அருமையாக இருக்கும். நாலு மழைக்கும் நானூறு கால்களுக்கும் பிறகு அது மணல் இல்லை, தரை. குதிகாலால் அழுத்திப் பாருங்கள், புதைய வேண்டும். சறுக்கு இறங்கும் வாயில் சிமென்ட் போட்டிருந்தால் சின்னவர்களை அதில் விட வேண்டாம்.

பாசத்தில் நாம் செய்யும் தப்பு ஒன்றும் இங்கே சொல்ல வேண்டும். பயப்படுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது. பிள்ளையின் செருப்பு ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். நம் எடை நிற்காது, இழுத்துக்கொண்டே போகும். சின்னக் குழந்தைகளுக்குச் சறுக்கில் கால் எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். அவன் பயந்தால் இறங்க வேண்டாம், அவ்வளவுதான். எங்கள் வீட்டு நாலு வயதுக்காரன் ஒரு வாரம் படியேறி மேலே போய், நின்று ஊரைப் பார்த்துவிட்டு, படிவழியே இறங்கி வந்தான். எட்டாம் நாள் தானாகச் சறுக்கினான்.

ஏசி கூடம்

காரைக்குடியிலும் இப்போது காலுறை போட்டால்தான் உள்ளே விடும் கூடங்கள் வந்துவிட்டன. பந்துத் தொட்டி, பஞ்சு மெத்தைப் படிகள், வலைச் சுவர், டிராம்போலின். பெற்றோருக்கு நாற்காலி, குளிர்காற்று. சித்திரை வைகாசி மதியம் பதினொன்றிலிருந்து நாலு வரை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில், இந்த இடத்துக்கு ஈடு கிடையாது. ஒத்துக்கொள்கிறேன். பிறந்தநாள் வைக்கவும் வசதி, வீடு துடைக்க வேண்டாம்.

ஆனால் இது யாருக்கு என்று பார்க்க வேண்டும். ஒன்பது வயதுக்காரிக்கு இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மீதி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் போனைக் கேட்டாள். சின்னவனுக்குச் சொர்க்கம். நாங்கள் போன கூடத்தில் டிராம்போலினில் ஒரே சமயத்தில் ஆறு பேர் குதித்தார்கள், அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பெரிய பையன்கள். மேற்பார்வைக்கு இருந்த பெண்ணேதான் கல்லாவிலும் பில் போட்டுக்கொண்டிருந்தார். டிராம்போலினில் பல பேர் குதிக்கும்போது எடை குறைந்த பிள்ளைதான் எகிறி விழும். அடிபடுகிறவர்களில் அதிகம் பேர் இப்படிக் கூட்டமாகக் குதித்தவர்கள். ஆறு வயதுக்குக் கீழே டிராம்போலினே வேண்டாம் என்பது அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கத்தின் நிலை. அதனால் இப்போது சின்னவனுக்குப் பந்துத் தொட்டியும் மெத்தைப் படியும் மட்டும். அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பந்துத் தொட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பந்துகளை எப்போது கழுவினார்கள்? பதில் உடனே வந்தால் நல்ல இடம். கேட்டவர் முகத்தைப் பார்த்து யோசித்தால், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குக் கைகால் கழுவிவிடுங்கள்.

இந்த வருஷம் பெரியவளுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து எனக்குக் கூடங்கள்மேல் கொஞ்சம் மனத்தாங்கல். சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினம் நாற்பது நிமிஷம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல விட்ட பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-ல் வந்த ஆய்வு. குழாய் விளக்கு எத்தனை போட்டாலும் அது பகல் வெளிச்சம் ஆகாது. மதியம் கூடத்துக்குப் போகிற நாளில் சாயங்காலம் அரைமணி நேரமாவது தெருவில் விட்டுவிட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

மதுரை, திருச்சி மால்களில் இதைவிடப் பெரிய கூடங்கள் உண்டு. இரண்டுமே எங்களுக்கு ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். துணி எடுக்கப் போனால் சேர்த்துப் பார்க்கலாம். அதற்கென்றே போனால், போகவர நாலு மணி நேரம் காரில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் குதிக்க விட்டதாக ஆகும்.

பெரிய வீடு

செட்டிநாட்டுப் பெரிய வீடு, நம் பக்கத்தில் மட்டும் கிடைக்கும் உள்விளையாட்டு இடம். யாரும் இதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம், அதுதான் வளவு. சூடு மேலே போய்விடும். மே மதியம் இரண்டு மணிக்குக் கரண்டு போனாலும் வளவுத் தாழ்வாரத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்கலாம். வெயில் நேரத்தில் பகல் வெளிச்சத்தோடு நிழலும் கிடைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

வளவைச் சுற்றித் தூண்கள். நாலு மூலைத் தாச்சி விளையாட இதைவிட ஏற்ற இடம் கிடையாது. நாலு பேர் நாலு தூணைப் பிடித்துக்கொள்வது, ஐந்தாமவர் நடுவில். தூண் மாறும்போது நடுவில் இருப்பவர் ஓடிப் பிடிக்க வேண்டும். பெரியவள் பாண்டி ஆட சாக்பீஸ் கேட்டாள். எதற்கு? கீழே ஆத்தங்குடிக் கல், தரையில் பதிக்கும் வண்ண ஓடு. கட்டம் போட்டே வைத்திருக்கிறார்கள். மஞ்சளில் மட்டும்தான் கால் வைக்கலாம், சிவப்பைத் தொட்டால் அவுட் என்று அவளே சட்டம் போட்டுக்கொண்டாள். பூவின் இதழ் மஞ்சளா சிவப்பா என்று அரைமணி நேரம் வழக்கு. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் கையால் செய்கிற கல். அதனால்தான் ஒரு பூ போல இன்னொரு பூ இருக்காது, வழக்குக்கும் முடிவு இருக்காது.

மதியம் அப்பத்தா பல்லாங்குழியை எடுப்பார். பதினாலு குழி, புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அது பசு. "அப்பத்தா, உங்க பசுவை நான் எடுத்துக்கறேன்" என்று பெரியவள் கை நீட்டினால் "உன் குழியைப் பாருடி முதல்ல" என்று அதட்டு விழும். இந்த வயதிலும் அவரை யாரும் ஜெயித்ததில்லை. சின்னவன் ஒரு கொட்டையை மூக்கில் திணித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுவதும் எங்களை அலைக்கழித்தான். நாலு வயதுக்குப் பல்லாங்குழி வேண்டாம், சோழியும் வேண்டாம்.

இந்த வீட்டிலும் ஆபத்து உண்டு. மழை நனைத்த ஆத்தங்குடிக் கல் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். வளவின் கருங்கல் ஓரம் சின்னவன் நெற்றி உயரத்தில் இருக்கிறது. இரட்டைக் கதவுகளில் விரல் மாட்டினால் கதை முடிந்தது. கொல்லைக் கிணற்றுக்கு மூடி போடாமல் பிள்ளைகளை உள்ளே விடவே கூடாது. பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் தேள் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சாவி. எங்கள் பெரிய வீட்டுக்கு ஐந்து பங்காளிகள். யார் ஊரில் இருக்கிறார்களோ அவர்கள் வீட்டில் சாவி. படைப்பு (முன்னோருக்கு வைக்கும் படையல்), கல்யாணம் என்றால் திறப்பார்கள். பிள்ளைகள் பம்பரம் விட என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சொந்தமாகப் பெரிய வீடு இல்லாதவர்கள் கானாடுகாத்தான், ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகளுக்குப் போகலாம், ஆனால் விளையாட அல்ல. "தொடாதே, ஓடாதே" என்று இருபது தடவை சொல்லிக் களைத்து வெளியே வருவீர்கள். ஏழு வயதுக்கு மேல் இருந்தால் மட்டும் கூட்டிப் போங்கள்.

ஊருக்கு வெளியே

ஒன்பது வயதுக்காரிக்கு மேலே சொன்ன எதையும்விடப் பிடித்தது திருமயம் கோட்டை. புதுக்கோட்டை சாலையில் அரைமணிக்குச் சற்றுக் கூடுதல். 1687-ல் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டியது. தொல்லியல் துறையின் இடம், பதினைந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. பாறையில் ஏறலாம், மதில்மேல் நின்று காற்று வாங்கலாம், உச்சியில் பீரங்கி இருக்கிறது. எந்தக் கூடத்திலும் அவள் இப்படி மூச்சு வாங்கினதில்லை. நிழல் கிடையாது, பல இடங்களில் கைப்பிடி கிடையாது. அதனால் திறந்ததும் போய்விட்டுப் பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். நாலு வயதை நான் கூட்டிப் போகவில்லை. கீழே கோயிலில் அப்பத்தாவோடு விட்டேன்.

அரையாண்டு விடுமுறையில் வந்தால் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பறவைகள் கலையக்கூடாது என்று பக்கத்துக் கிராமமான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. இரண்டு பேரும் அதைக் கேட்டுவிட்டுத் தாங்களாகவே கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள். மே மாதம் போனால் காய்ந்த கண்மாயைத்தான் பார்க்கலாம்.

மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நேரத்தில் ராட்டினமும் காற்றடைத்த பலூன் மெத்தையும் வரும். பலூன் மெத்தையை நாலு மூலையிலும் கயிறு கட்டித் தறி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். காற்று பலமாக அடித்தால் பிள்ளையை இறக்கிவிடுங்கள்.

ஊருணிக்கரையை மட்டும் நான் விளையாட்டு இடமாகச் சொல்ல மாட்டேன். படித்துறை பார்க்க அழகாக இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு எத்தனை படி தண்ணீருக்குள் இருக்கிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

இப்போதைக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி ஓடுகிறது. காலையில் தெருவில் சைக்கிள், மதியம் வளவு, ஐந்தரைக்குப் பூங்கா. வாரத்துக்கு ஒருநாள் மட்டும், சின்னவன் ரொம்பக் கேட்டால், ஏசி கூடம். பெரிய வீட்டுச் சாவி இந்த வாரம் தேவகோட்டைக்குப் போன சித்தப்பாவின் இடுப்பில் இருக்கிறது. வியாழக்கிழமைதான் வருவாராம். பெரியவள் சாக்பீஸ் வாங்கிவைத்துவிட்டாள்.