கார்புரேட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்வது: நீண்ட நாள் அனுபவம்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய பைக்கைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். வேலையில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. எப்போது கை வைப்பது, எப்போது விட்டுவிடுவது என்று பிடிபடத்தான் நாளாகியது.

மாதக் கணக்கு வைத்துத் தவறாமல் சுத்தம் செய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவது, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அலுமினியத்தில் மரை தேய்கிறது, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் நைகிறது.

கோளாறு எங்கே என்பதை ஆக்சிலேட்டரே சொல்லிவிடும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு துண்டு. முறுக்கத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ முதல் கால் பங்கு வரை பைலட் ஜெட்டின் பொறுப்பு. நடுப்பகுதி, ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஜெட் ஊசியுடையது. முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்ததும் அணைந்துவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் பைலட் ஜெட் மீதுதான். என் வண்டியில் வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேதான் முடிந்தன. சிறிய இன்ஜின்களில் அந்தத் துளையின் விட்டம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், உள்ளே வெள்ளைப் பொடி பூப்பதும் உண்டு.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் பார்த்துவிடுவேன். இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தாலும் ஜெட் அடைப்பின் அறிகுறிகள் அப்படியே வரும். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் போகாது.

கருவிகளில் நான் தாராளமாகச் செலவு செய்தது ஸ்க்ரூ டிரைவருக்குத்தான். ஜெட் பித்தளை, அதன் வெட்டுப்பள்ளத்தில் முழு அகலத்துக்கும் உட்காராத முனையால் திருகினால் பள்ளம் சிதைந்து, பிறகு எதற்கும் அசையாது. கிண்ணத்தின் திருகுகளும் அப்படித்தான். ஜப்பானிய வண்டிகளில் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகைத் தலை இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் சாதாரண நட்சத்திர முனை அதில் வழுக்கும்.

பைலட் ஜெட்டைக் கழற்றியதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் தேன் நிறத்தில் பிறையளவு ஒட்டியிருந்தால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவிட்டு, மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செம்பிழை ஒன்றை நுழைத்து எடுப்பேன். எஃகுக் கம்பி வேண்டவே வேண்டாம். துளை இம்மியளவு பெரிதானாலும் கலவையின் கணக்கு மாறிவிடும். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து, அது உட்காரும் வழித்தடத்தை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். அங்கே ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தது வேறொரு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும். ரப்பர் பாகங்களை முன்பே எடுத்துவிட வேண்டும். அந்தத் திரவம் பட்டால் அவை உப்பிவிடும். நெருப்பு அருகில் இல்லாத திறந்தவெளியே இந்த வேலைக்கு ஏற்ற இடம்.

ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் முறுக்காமல் இன்ஜின் ஓடும்போது, பெட்ரோல்-காற்று விகிதத்தை அமைக்கும் கலவைத் திருகைக் கழற்றுவதற்கு முன், அது மெதுவாக முட்டும் வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்வது என் வழக்கம். அதன் முனையில் வரிசையாக ஸ்பிரிங், வாஷர், கடுகளவு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். திருகு வெளியே வந்தாலும் அந்த ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அதைக் கவனிக்காமல் ஸ்ப்ரே அடித்தால் அது கெட்டு, ஐட்லிங் ஒருநாளும் நிலைக்காது. மாட்டிய பிறகு, இன்ஜின் சூடானதும்தான் சரிசெய்ய வேண்டும். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பப் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் கூடும்.

கிண்ணத்தில் மிஞ்சுவதை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் முனையைப் பாருங்கள். தூசி என்றால் துடைத்தால் போதும். கூம்பில் வளையமாகத் தேய்மானம் விழுந்திருந்தால் புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

டேங்கில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுதாக அடைத்த ஜெட் வழியாகப் பெட்ரோலே போவதில்லை. அதில் கலந்த மருந்து மட்டும் எப்படிப் போகும்? அதைவிட, வண்டியை நீண்ட நாள் நிறுத்துமுன் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிடுவது எவ்வளவோ மேல். டேங்கின் துருவைத் தடுக்கக் குழாயில் சிறு ஃபில்டர் ஒன்றும் போட்டேன். இந்த இரண்டுக்கும் பிறகு கார்புரேட்டரைக் கழற்றும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஒற்றை சிலிண்டர் வண்டி என்றால் தைரியமாக இறங்கலாம். நான்கு கார்புரேட்டர்களை வரிசையாகக் கோத்த வண்டி என்றால், சுத்தம் செய்த பின் நான்கும் ஒரே அளவில் இழுக்கும்படி வெற்றிட மானி வைத்துச் சமன் செய்ய வேண்டும். அந்தக் கருவியும் பழக்கமும் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.