இம்ப்ளான்டின் கழுத்து எப்படி என்று கேட்டுவிட்டு வையுங்கள்: மட்டக்களப்பில் என் இம்ப்ளான்ட் அனுபவம்

மட்டக்களப்பு டவுனுக்குள் இருக்கும் ஒரு தனியார் பல் கிளினிக்கில் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள் திருகாணி இறக்கி அதன்மேல் பூட்டும் செயற்கைப் பல், வைத்தேன். பல் பூட்டி ஒரு வருடம் முடிந்து, எக்ஸ்ரேயும் பார்த்தாயிற்று, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பயந்துகொண்டுதான் போனேன். என் அக்காவுக்கு வேறோர் இடத்தில் வைத்ததில் எலும்பு ஒரே வருடத்தில் திருகாணியின் முதல் புரி வரைக்கும் இறங்கிவிட்டது, முரசும் (ஈறு) கூடவே இறங்கி, சிரித்தால் சாம்பல் நிறத்தில் உலோகம் தெரியும். இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறா.

இதைச் சொன்னதும் டொக்டர் மேசை லாச்சியைத் திறந்து இரண்டு மாதிரிகளை என் கையில் தந்தார். ஒன்றில் எலும்புக்குள் இறங்கும் திருகாணியும் அதன்மேல் பூட்டும் துண்டும் ஒரே அகலம். மற்றதில் மேல்துண்டு ஒடுக்கம், நகத்தை ஓட்டினால் சின்னப் படி ஒன்று தட்டுப்படும். "அண்ணா, கிருமி குடியிருப்பது இந்த இரண்டும் சேரும் கழுத்து இடுக்கில்தான். இடுக்கு விளிம்பில் இருந்தால் எலும்பு அதை விட்டு விலகிக் கீழே போய்விடும், உள்ளே தள்ளி வைத்தால் பெரும்பாலும் நிற்கும்" என்றார். இப்படி ஒடுக்கமான மேல்துண்டைப் பூட்டுவதற்குப் பிளட்போர்ம் சுவிட்சிங் என்று பெயர். திட்டம்போட்டுக் கண்டுபிடித்ததும் இல்லையாம்! தொண்ணூறுகளில் அகலமான இம்ப்ளான்டுக்குச் சரியான மேல்துண்டு கிடைக்காமல் ஒடுக்கமானதைப் பூட்டியிருக்கிறார்கள், வருடக்கணக்கில் எக்ஸ்ரே பார்த்தபோது எலும்பு எதிர்பார்த்த அளவு குறையவில்லை, 2006இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். எனக்கு வைத்தது அந்த வகைதான். இணைப்பும் கூம்பு வடிவம், இறுகி அசையாமல் நிற்கும்.

முதல் வருடத்தில் ஒன்றரை மில்லிமீற்றர், அதன்பிறகு வருடத்துக்கு 0.2 வரைக்கும் எலும்பு குறைந்தால் பரவாயில்லை என்பது பழைய கணக்கு. என் படத்தில் எலும்பின் வெள்ளைக் கோடு திருகாணியின் தோளோடு, அதாவது மேல் விளிம்போடு, ஒட்டியே நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வடிவம் மட்டும் காப்பாற்றாது என்பதையும் டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். முரசு மெல்லிசாக இருந்தால், துப்புரவு இல்லாவிட்டால், புகைத்தால் எந்த இம்ப்ளான்டிலும் எலும்பு போகும். சிகரெட்டை அன்றைக்கே விட்டேன்.

குறை என்றால், காத்திருப்பு. ஒவ்வொரு தடவையும் இரண்டு மணித்தியாலம் போய்விடும், மாடிப்படியும் செங்குத்து, வயதானவர்களுக்குக் கஷ்டம். காசும் கொஞ்சமில்லை. ஆனால் எந்த வகை, இணைப்பு எப்படி என்று கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள், எக்ஸ்ரேப் பிரதியும் கேட்காமலே தருகிறார்கள்.

வருகிற சனிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவவின் பழைய படங்களையும் எடுத்து வைத்துவிட்டேன்.